நீக்கிலாப்பிள்ளையின் ஏரியல்

2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் பதினான்காம் திகதி, சனிக்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் பதினொரு மணியாகியும் விடவில்லை. வெப்பம் ஏழு பாகை. காற்று வடக்கிலிருந்து வீசியது.

கனடாவில், மொன்றியலை அடுத்த லவாலில், பாரவண்டிகளுக்கு வேண்டிய சாமான்களை விற்கும் கடையொன்றில், அறுபத்தொரு வயதான நீக்கிலாப்பிள்ளை சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். சுவர் முழுவதும் ஏரியல்கள் கொழுவியிருந்தன. முழங்கை நீளத்தில் சில, ஆளுயரத்தில் சில, முகட்டைத் தொட்டு வளைந்தவை சில. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து அன்றைக்கே தம் காரில் பூட்டியாக வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது அவருடைய குரல், இரண்டு கிலோமீற்றர் பின்னால் வரும் ஒரு மனிதனின் காதில் தெளிவாக விழ வேண்டும். விழாவிட்டால் அந்த மனிதன் சாகக்கூடும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பத்து நாள்களுக்கு முன்னர் அவரே கண்டிருந்தார்.

அவருடைய தொழில் வழிகாட்டிக் கார் ஓட்டுவது. தொழிற்சாலையில் கட்டி முடித்த வீடுகளை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் ஒரு பாரவண்டியில் ஏற்றி வடக்கே அபிற்றிபிப் பக்கம் அனுப்புவார்கள். பாதி வீடென்றாலும் அது வீதியின் ஒன்றரை வழியை அடைத்துக்கொண்டு போகும். அதற்கு முன்னால், கூரையில் மஞ்சள் விளக்குச் சுழல, ஒரு கார் போக வேண்டும் என்பது விதி. எதிரே வருவதை முதலில் காண்பவர் அந்தக் காரின் சாரதி. கண்டதைப் பின்னால் வருபவருக்குச் சொல்வதற்காகவே அவருக்குச் சம்பளம். நெடுஞ்சாலை 117 மொன்-லோறியே நகரைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தால் கைத்தொலைபேசி செத்துவிடும். அதற்கப்பால் சீ.பி. றேடியோ ஒன்றுதான் துணை.

பின்னால் பாரவண்டியை ஓட்டிவருபவர் அருமைராசா. யாழ்ப்பாணத்தார், லவாலில் குடியிருப்பவர், நாற்பத்தெட்டு வயது. ஓயாமல் கதைப்பவர். நீக்கிலாப்பிள்ளையை இந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவரே. பத்து நாள்களுக்கு முன்னர், ஒரு மேட்டின் மறுபுறத்தில் பேருந்தொன்று வருவதைக் கண்டு நீக்கிலாப்பிள்ளை இரண்டு தரம் சொன்னார். கண்ணாடியில் ஒட்டும் அவருடைய குட்டை ஏரியல் அந்தக் குரலை மேட்டுக்கு அப்பால் கொண்டுபோகவில்லை. பேருந்து கண்முன்னே வந்த பின்னரே அருமைராசா அதைக் கண்டு, அரை வீட்டையும் பள்ளத்துப் பக்கம் சரித்துத் தப்பினார். அன்று மாலை கொம்பனி முகாமையாளர் கூப்பிட்டு, ஒழுங்கான ஏரியல் இல்லாத கார் இனி வாசலுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"என்ன அண்ணை, பொம்பிளை பாக்க வந்த மாதிரி நிக்கிறியள்?" என்றார் கூட வந்திருந்த அருமைராசா. "ஒண்டைச் சொல்லுங்கோ. மனிசன் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டப்போறான்."

கடைக்காரர் வெள்ளைத் தாடிக்காரர், பொறுமைசாலி. பிரெஞ்சில் ஆறுதலாக விளக்கினார். நீளம் கூடக்கூடக் குரல் தூரம் போகும். எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. பின் பம்பரில் பூட்டினால் காரின் தகடு முழுவதும் முன்னால் கிடப்பதால் குரலும் முன்னோக்கியே போகும். பாரவண்டியோ பின்னால் வருகிறது. ஆகவே கூரையின் நட்டநடுவில் ஒரு துளையிட்டு, பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கிவிடுவதே சரி.

"துளை வேண்டாம், மிசியே," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "கழற்றி எடுக்கக்கூடியது வேண்டும்."

"ஏன் கழற்ற வேண்டும்?"

"வீட்டுக் கராஜ் பதிவு, முகட்டில் இடிக்கும்."

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, கைப்பிடியளவு காந்தத்தின் மேல் நிற்கும் நான்கரை அடி உருக்குக் கம்பியொன்றை இறக்கிக் கொடுத்தார். காந்தமும் வேலை செய்யும், ஆனால் கூரையின் நடுவில், எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார்.

வெளியே வந்ததும் அருமைராசா கேட்டார்: "உங்களிட்ட எங்கையண்ணை கராஜ்? நீங்கள் காரை விடுறது றோட்டில. பனி கொட்டினா உங்கட காரைத் தேடிப்பிடிக்கவே அரை நாள் வேணும்."

நீக்கிலாப்பிள்ளை காரில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார். அவர் அதை மனைவி பிலோமினம்மாவைத் தவிர வேறெவருக்கும் சொன்னதில்லை.

1990ஆம் ஆண்டு அவர் மன்னாரில் வான் ஓட்டிக்கொண்டிருந்தார். சண்டை தொடங்கி, சனங்கள் அடைக்கலம் தேடி மடு மாதா கோவிலுக்கு ஓடிய நாள்கள். ஒருநாள் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு காட்டுப்பாதையால் போனார். முன் ஆசனத்தில் அவருடைய தம்பி ஞானேந்திரன். செய்தி கேட்பதற்காகத் தம்பி யன்னலால் கையை விட்டு வானின் ஏரியலை முழு நீளத்துக்கும் இழுத்துவிட்டான். சற்று நேரத்தில் இராணுவத்தின் ஹெலிகொப்டர் ஒன்று மரங்களுக்கு மேலாக வந்தது, கடந்து போனது, திரும்பி வந்தது. சூடு முடிந்தபோது பின்னால் இருந்த பத்துப் பேருக்கும் கீறல்கூட இல்லை. தம்பியின் தலை டாஷ்போட்டில் கிடந்தது. பின்னர் ஊரில் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: மேலிருந்து பார்ப்பவனுக்கு நீண்ட ஏரியல் என்றால் வோக்கி-டோக்கி வைத்த இயக்க வாகனம், அதுதான் திரும்பி வந்திருக்கிறான். அது உண்மையோ பொய்யோ, சொல்லக்கூடிய எவரும் இல்லை. நீக்கிலாப்பிள்ளை நம்பினார். அதற்குப் பின் முப்பத்துமூன்று ஆண்டுகளாக அவர் ஓட்டிய எந்த வாகனத்திலும் எதுவும் நிமிர்ந்து நின்றதில்லை. மொன்றியலுக்கு வந்து தையல் தொழிற்சாலையில் நின்ற காலத்தில் வாங்கிய முதற்காரின் ஏரியலை, அவர் வாங்கிய அன்றே குறட்டால் முறித்து எறிந்தார்.

அருமைராசா ஆசனப்பட்டியை இழுத்து மாட்டினார். துடைப்பான் கண்ணாடியில் இரண்டு மூன்று தரம் போய் வந்தது.

"இஞ்ச ஹெலி வந்தா ஆரும் சுடமாட்டினம், அண்ணை," என்றார் கடைசியில். "ஆளை ஆஸ்பத்திரிக்கு ஏத்தத்தான் வருவினம்."

"தெரியும், தம்பி."

"தெரிஞ்சா சரி."

செயின்ட்-மிஷேலில், நீக்கிலாப்பிள்ளை குடியிருந்த வீட்டின் பின்புற ஒழுங்கையில் காரை நிறுத்தி, இருவருமாக ஏரியலைப் பூட்டினார்கள். நீக்கிலாப்பிள்ளை எதையும் அவசரமாகச் செய்யாதவர். கூரையை ஈரம் போகத் துடைத்தார். நான்கு மூலைகளிலிருந்தும் நூல் பிடித்து நடுவைக் கண்டார். காந்தத்தின் அடியில் ஒரு மணல்கூட இருக்கக்கூடாதென்று இரண்டு தரம் விரலால் தடவிப் பார்த்தார். கம்பி வடத்தைக் கதவின் இறப்பருக்குள்ளால் நசியாமல் கொண்டுபோய், ஆசனத்துக்குப் பின்னால் சுருளாக்காமல் வளைத்து விட்டார். றேடியோவுக்கு வேண்டிய மின்சாரத்தை நேரே பற்றறியிலிருந்து, இடையில் பியூஸ் வைத்து எடுத்தார். அருமைராசா கடனாகக் கொண்டுவந்த அளவுமானியை நடுவில் இணைத்தார்கள்; ஊசி ஒன்றுக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறதோ அவ்வளவுக்குக் குரல் வீணாகாமல் வெளியே போகும்.

"முதலாம் சனலில அமத்துங்கோ. எவ்வளவு?"

"ஒண்டு தசம் ஆறு."

"நாப்பதில?"

"ரெண்டு தசம் மூண்டு."

"மேல் சனலில கூடுதெண்டா கம்பி நீளமெண்டு அர்த்தம். கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளுங்கோ."

சிறிய திருகைத் தளர்த்தி, கம்பியைக் கால் அங்குலம் கீழே இறக்கி, மறுபடி அளந்தார்கள். ஐந்தாம் தரம் ஊசி இரண்டு முனையிலும் ஒன்று தசம் மூன்றில் வந்து நின்றது. நீக்கிலாப்பிள்ளை அந்த எண்ணைக் காரின் கைநூலின் முதற்பக்கத்தில் திகதியிட்டு எழுதினார்.

மாடிப் பல்கனியில் பிலோமினம்மா இரண்டு கோப்பை தேநீருடன் வந்து நின்றார். அவர் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை செய்பவர், குரலை உயர்த்தாதவர். கம்பியின் நுனி காற்றில் ஆடுவதைப் பார்த்தார்.

"உது கழட்டலாந்தானே?"

"ஓம், ஓம். காந்தம்."

"இஞ்ச நிக்கேக்க கழட்டிப்போடுங்கோ," என்றுவிட்டுத் தேநீரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பிற்பகலில் அருமைராசா லவாலில் தம் பாரவண்டியில் போய் இருந்துகொண்டார். நீக்கிலாப்பிள்ளை பாலத்துக்கு இப்பால் நின்று அழைத்தார். ஆறு கிலோமீற்றர். குரல் கண்ணாடி போலப் போனது.

"அண்ணை, பக்கத்தில இருந்து காதுக்க கதைக்கிற மாதிரி இருக்கு! என்ன, காலமை வெங்காயம் சாப்பிட்டனீங்களோ? மணக்குது!"

இடையே புகுந்த ஒரு பிரெஞ்சுக் குரல், இது என்ன மொழியப்பா என்று கேட்டது. வடக்கே, அபிற்றிபிக்கும் அப்பால் பேசுகிற மொழி, நீ அவ்வளவு தூரம் போனதில்லையா என்றார் அருமைராசா. நீக்கிலாப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பேச்சை வளர்க்காமல், "சரி, வைக்கிறன்," என்று விசையை விட்டார்.

அதுவும் அவருடைய வழக்கமே. வழிகாட்டிக் கார் ஓட்டுவதற்கான வகுப்பில் படிப்பித்தது வேறு: கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னவர் சொல்ல வேண்டும், பின்னவர் மறுமொழி தர வேண்டும், முன்னவரின் குரல் வராவிட்டால் பின்னவர் நிறுத்த வேண்டும். நீக்கிலாப்பிள்ளையால் அது முடியவில்லை. வோக்கியில் அதிகம் கதைத்தால் கதைத்த இடத்துக்கே எறிகணை வந்து விழும் என்று அறிந்த காலத்தில் வாழ்ந்தவர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அருமைராசாவுக்கும் அது விளங்கியது. ஆகவே இருவரும் தமக்குள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். ஏதாவது வந்தால் மட்டும் நீக்கிலாப்பிள்ளை பேசுவார். அவர் பேசவில்லையென்றால் பாதை வெறுமை. மற்றும்படி அருமைராசா தன் பாட்டில் கதைத்துக்கொண்டு வருவார். அதற்கு மறுமொழி வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓடினார்கள். கொம்பனிக்குத் தெரியாது.

புதிய ஏரியலுடன் போன இரண்டாம் பயணத்தில், மொன்-லோறியேக்கு அருகே, மின்கம்பிகளைப் பரிசோதிக்கும் ஹெலி ஒன்று தாழப் பறந்து வந்தது. நீக்கிலாப்பிள்ளை காரை ஓரத்தில் நிறுத்தி, இறங்கி, ஏரியலைக் கூரையிலிருந்து பிடுங்கிப் பின் ஆசனத்தில் போட்டார். சத்தம் மறைந்த பின்னர் எடுத்து வைத்தார். அருமைராசா பின்னால் வந்து சேர்ந்தபோது அவர் இன்னும் கூரையின் நடுவைத் தேடித் தடவிக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணை இது?"

"ஒண்டுமில்லை."

"ஹெலிக்குப் பயந்து ஏரியலைக் கழட்டினா, மானைக் கண்டாப் பயந்து சில்லையும் கழட்டுவியள் போல." சொல்லிவிட்டு, அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "அண்ணை, பகிடி இல்லை. எனக்குப் பின்னால நாப்பது தொன் வருது. சட்டெண்டு நிக்காது. நீங்கள் சொல்லாட்டி எனக்குக் கண் இல்லை."

"இனிக் கழட்டமாட்டன்."

"எனக்காகச் சொல்ல வேண்டாம்."

"மாதா அறியச் சொல்லுறன், தம்பி. கழட்டமாட்டன்."

நவம்பர் ஏழாம் திகதி, செவ்வாய்க்கிழமை. முந்திய இரவு முதற்பனி பெய்து ஓய்ந்திருந்தது. வானம் நீலமாய்த் திறந்திருந்தது. பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகை. பிற்பகல் ஒரு மணியளவில் நீக்கிலாப்பிள்ளை காட்டுக்குள் ஓர் ஒடுங்கிய பாலத்தைக் கடந்து, மறுபுறத்து ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தார். அரை வீட்டுடன் அருமைராசா இரண்டு கிலோமீற்றர் பின்னால். அந்த வீட்டின் அகலத்துக்குப் பாலத்தில் வேறெதற்கும் இடமில்லை. பாலத்துக்கு முன்னே சொல்லிவிட்டால் போதும். இறக்கத்தின் மேலேயே நிற்க இடம் உண்டு. இறக்கத்தில் இறங்கிவிட்டால் பாலத்தைத் தவிர வேறு வழி இல்லை.

றேடியோவில் அருமைராசா, மனைவி பிரியந்தி தந்துவிட்ட புட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். கத்தரிக்காய்க் கறிக்கு உப்புப் போட மறந்துபோனாளாம். இருபது வருசமாகச் சொல்கிறாராம்.

அப்போது சத்தம் வந்தது.

அது முதலில் காதுக்கு வரவில்லை, இருக்கையின் வழியாக முதுகுக்கு வந்தது. மின்கம்பிகள் வீதிக்குக் குறுக்கே போகுமிடத்தில், ஊசிமரங்களுக்குச் சற்று மேலே, ஹெலி வீதியை நோக்கித் திரும்பியது. நீக்கிலாப்பிள்ளைக்கு அது என்னவென்று தெரியும். எதற்காக வந்திருக்கிறது என்றும் தெரியும். தாம் கொடுத்த வாக்கும் அந்தக் கணத்தில் நினைவில் இருந்தது. கார் ஓரத்தில் நின்றிருந்தது, கதவு திறந்திருந்தது, குளிர்ந்த கம்பி கைக்குள் இருந்தது. ஏரியலைப் பின் ஆசனத்தில் கிடத்திவிட்டு உள்ளே குனிந்து, தலையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். நிழல் பனியின் மேல் ஓடிக் காருக்கு மேலால் போயிற்று. அது திரும்பி வருமா என்று காத்திருந்தார். திரும்பி வரவில்லை.

தலையை நிமிர்த்தியபோது வளைவில் மரலொறி வந்துகொண்டிருந்தது. முப்பது முழ நீளத்தில் மரக்குற்றிகளை ஏற்றி, பனித்தூளைக் கிளப்பிக்கொண்டு, அவரைத் தாண்டிப் பாலத்துப் பக்கம் இறங்கியது.

அவர் மைக்கைப் பற்றினார்.

"தம்பி, நில்லும்! மரலொறி! பாலத்துக்கு இறங்க வேண்டாம், மேலேயே நில்லும்!"

இரைச்சல். இரைச்சலுக்குள் துண்டு துண்டாக அருமைராசாவின் குரல்: "...அண்ணை... வெய்யில்... பாலம் தெரியுது..."

"தம்பி, நில்லும்! கேக்குதோ? நில்லும்!"

கேட்கவில்லை. கம்பி ஆசனத்தில் படுத்துக் கிடந்தது. நாலாபுறமும் தகடு. நீக்கிலாப்பிள்ளை வெளியே பாய்ந்து பின்கதவைத் திறந்தார். வடம் ஆசனப்பட்டியில் சிக்கியிருந்தது. இழுத்தார், மேலும் இறுகியது. அவிழ்த்து, தூக்கி, கூரையில் வைத்தார். நடுவைப் பார்க்கவில்லை. காந்தம் டக்கென்று பிடித்தது. உள்ளே வந்து விசையை அமத்தி மூன்று தரம் அழைத்தார். இந்த முறை றேடியோ சுத்தமாக இருந்தது. ஒருவரும் மறுமொழி தரவில்லை.

காரைத் திருப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பாலத்தில் அரை வீடு சரிந்து கிடந்தது. ஒரு படுக்கையறையின் மஞ்சள் சுவரும், திறந்து ஆடிக்கொண்டிருந்த ஓர் அலுமாரிக் கதவும் வெளியே தெரிந்தன. மரலொறிச் சாரதி வீதியோரத்தில் கால்களை நீட்டி இருந்து, உயிரோடு, பிரெஞ்சில் கடவுளைத் திட்டிக்கொண்டிருந்தார். அருமைராசாவின் பாரவண்டித் தலை பாலத்தின் இரும்புவேலியை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. ஆறு ஆழமில்லாதது. அது ஒன்றுக்கும் உதவவில்லை.

பொலிசார் வந்து எல்லாவற்றையும் அளந்தார்கள். நீக்கிலாப்பிள்ளையின் காரையும் பார்த்தார்கள். ஏரியல் கூரையில் நின்றது. றேடியோவைப் போட்டுப் பார்த்தார்கள், வேலை செய்தது. கைநூலின் முதற்பக்கத்தில் அவர் எழுதியிருந்த ஒன்று தசம் மூன்றைக் கண்டு, மெச்சுவதுபோல ஒருவர் தலையசைத்தார். வழிகாட்டிக் காரின் கருவி குறைபாடின்றி இயங்கியது என்று அறிக்கையில் எழுதினார்கள். அவரை அவர்கள் அதிகம் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

அறிக்கை அப்படி இருந்தால் பிழை இறந்தவரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. முன்னவர் அத்தனை தரம் கூப்பிட்டும் பாலத்துக்கு ஏன் இறங்கினார்? ஒன்றில் றேடியோவைக் குறைத்து வைத்திருந்தார், அல்லது கேட்டும் கேளாமல் வந்தார். கொம்பனியில் இரண்டு கிழமைக்குள் அது கதையாகிவிட்டது: பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தவராம். முகாமையாளர் நீக்கிலாப்பிள்ளையைக் கூப்பிட்டு, நீங்கள் உங்கள் கடமையைச் செய்தீர்கள், விசாரணையில் அதை மட்டும் சொன்னாற் போதும் என்று அன்பாகவே சொன்னார்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து இரண்டு நாள்களின் பின் பிரியந்தி வந்தார். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கதிரையின் நுனியில் இருந்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். உங்களுக்குத்தான் தெரியும். அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தவரோ?"

"இல்லைப் பிள்ளை. கதைச்சுக்கொண்டு வந்தவர்."

"என்ன கதைச்சவர்?"

"நீர் குடுத்துவிட்ட சாப்பாட்டைப் பற்றி."

பிரியந்தி நிலத்தைப் பார்த்தார். "நீங்கள் கூப்பிட்டனீங்கள்தானே?"

"கூப்பிட்டனான்."

"பேந்து ஏன் அவருக்குக் கேக்கேல்ல? சின்னவன் பள்ளிக்கூடத்தால வந்து கேக்கிறான், அப்பா கவனமில்லாமலோ ஓடினவரெண்டு. நான் என்னண்ணை சொல்லுறது?"

அவர் மறுமொழி சொல்வதற்குள் பிலோமினம்மா தேநீருடன் குறுக்கே வந்து, "குடியும் பிள்ளை, ஆறப்போகுது," என்றார். பிரியந்தி குடிக்கவில்லை. படிகளில் பனி உறைந்திருந்தது; நீக்கிலாப்பிள்ளை கீழ்வரை கையைப் பிடித்துக் கூட்டிச்சென்றார். அந்தப் பெண் அதற்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை அவரால் தாங்க முடியவில்லை.

"நான் சொல்லப்போறன்," என்றார் மேலே வந்து.

"ஆருக்கு?"

"விசாரணைக்கு."

பிலோமினம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. "சொன்னா அந்த மனிசன் எழும்பி வரப்போறாரோ? ஆமி, பொலிஸ் உடுப்புப் போட்ட ஆக்களுக்கு உண்மையைச் சொல்லி, எங்கட சனத்தில ஆர் வீட்டை திரும்பி வந்தது? சொல்லுங்கோ பாப்பம்."

"இது அந்த நாடில்லை, பிலோமினா."

"அப்ப ஏன் கழட்டினனீங்கள்?"

பிலோமினம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் இருந்தார். அவர் கோபப்படவில்லை. பயந்திருந்தார்.

"லைசென்ஸைப் பறிப்பினம். மறியலில பூட்டியும் வைப்பினமோ தெரியாது. அறுபத்தொரு வயசில உங்களுக்கு ஆர் வேலை தருவினம்? நானும் நீங்களும் கழட்டினதைப் பற்றிக் கதைக்காட்டி, அது ஒருத்தருக்கும் தெரியாது."

"அருமைராசாவுக்குத் தெரியும்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "கடைசியில தெரிஞ்சிருக்கும். நான் திரும்பவும் கழட்டிப்போட்டனெண்டு."

அதன் பின் கிறிஸ்துமஸ் வந்தது, போனது. இல்-பிசாரில் குடியிருக்கும் மகள் றெபேக்கா இருவரையும் கூப்பிட்டார். பிலோமினம்மா மட்டும் போனார். நீக்கிலாப்பிள்ளை காரை எடுப்பதை நிறுத்தியிருந்தார். கோவிலுக்கும் கடைக்கும் பேருந்தில் போய்வந்தார். கார் வீதியோரத்தில் பனிக்குள் புதைந்து கிடந்தது. நகரசபையின் பனி அள்ளும் வண்டிகள் வரும் நாள்களில் மட்டும் அதைக் கிண்டி எடுத்து மறுபக்கம் விட்டார்.

விசாரணை ஜனவரி மாதம் இருபத்துமூன்றாம் திகதி காலை ஒன்பது மணிக்கு, நகர நடுவில் ஓர் அலுவலகத்தின் எட்டாம் மாடியில் நடந்தது. தொழிற்பாதுகாப்பு அலுவலராகிய ஒரு நடுவயதுப் பெண்ணும், மொழிபெயர்ப்பதற்கு வித்தியா என்ற தமிழ்ப் பெண்ணும், கொம்பனியின் சார்பில் ஒரு சட்டத்தரணியும் இருந்தார்கள். நீக்கிலாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு விளங்கும். இருந்தும் தமிழில் கேட்கும்படி கேட்டுக்கொண்டார். வேறொரு மொழியில் சொன்னால் தப்பிக்கொள்ள ஒரு சந்து கிடைத்துவிடும் என்று அவருக்குப் பட்டது. வாசலில் மேலங்கியை மடியில் வைத்தபடி பிலோமினம்மா இருந்தார். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசி நிமிடத்தில் பேருந்தில் கூடவே ஏறியிருந்தார்.

அலுவலர் படிவத்திலிருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டார். பெயர். பிறந்த திகதி. இந்த வேலையில் எத்தனை ஆண்டுகள். அன்று தூங்கினாரா, குடித்தாரா. றேடியோவின் வகை. ஏரியலை யார் பூட்டியது, எங்கே, எப்படி அளந்தது. எல்லாவற்றுக்கும் அவர் சுருக்கமாக விடை சொன்னார். வித்தியா சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் கொடுத்தார். அலுவலர் எழுதிக்கொண்டே போனார். சட்டத்தரணி தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த கேள்விக்கு உரிய பெட்டியில், பொலிஸ் அறிக்கையைப் பார்த்து, அலுவலர் ஏற்கெனவே பென்சிலால் ஒரு சரியடையாளம் போட்டிருந்தார். வழக்கத்துக்காக மட்டும் கேட்டார். வித்தியா அதைத் தமிழில் சொன்னார்:

"ஐயா, மரலொறி உங்களைக் கடந்து போனபோது ஏரியல் காரின் கூரையில்தானே இருந்தது?"

"இல்லை, பிள்ளை. பின் சீற்றில கிடந்தது. நான்தான் கழட்டி வைச்சனான்."